அண்ணனிடம் சொல்லாத செய்தி

அம்மாவின் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது கடைசிவரை அண்ணன்தான். வேலை முடிந்து வந்ததும், சீருடையைக்கூட மாற்றாமல், வாசல் வெளிச்சத்துக்குத் திரும்பி நின்றுகொள்வார். நூல் முனையை உதட்டில் ஈரப்படுத்தி, ஊசியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஒரே முறையில் கோத்துவிடுவார். இரண்டாம் முறை முயன்று நான் பார்த்ததில்லை. மலாக்காவில் செங் என்ற இடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். கண்ணாடிச் சாமான் பெட்டிகளை மேல் தட்டில் ஏற்ற வேண்டும் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். அவ்வளவு நிதானமான கை. அதே கையால் ஸ்னூக்கர் கோலைத் தள்ளி, மேசை மேல் இருக்கும் வெள்ளைப் பந்தை அடிக்க மட்டும் அவரால் முடியாமல் போய்விட்டது. ஒரு காலத்தில் அதுதான் அவர் தொழில். நாட்டுக்காக ஆடியவர். இங்கிலாந்துக்குப் போய் மூன்று ஆண்டுகள் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவர். அந்தக் கை ஏன் நின்றுபோனது என்று தெரிந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த காரணத்தை நான் இதுவரை வெளியே சொன்னதில்லை.

ஜாசின் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நாங்கள் பிறந்தோம். அண்ணன் எனக்கு ஆறு வயது மூத்தவர். அப்பா ஆரம்பத்தில் ரப்பர் பால் மரம் சீவினார். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபோது நீளமான கம்பில் அரிவாளைக் கட்டி, நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக் குலை அறுத்தார். ராத்திரியில் கழுத்தை நிமிர்த்த முடியாமல் ஒருக்களித்துப் படுப்பார். அண்ணன் ஜாசின் இடைநிலைப் பள்ளியில் படித்தார். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கடைவரிசையின் மாடியில் ஒரு ஸ்னூக்கர் கடை. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மழை நாளில் நண்பர்களோடு மாடிக்கு ஏறியவர், அன்று மூன்று பஸ்ஸை விட்டுவிட்டார்.

அந்த மாடிக்கு நல்ல பெயர் கிடையாது. கும்பல் சண்டை, சிகரெட்டு, போலீஸ் என்றுதான் தோட்டத்தில் பேசுவார்கள். "அந்த மாடிக்குப் போன பிள்ளைங்க எது நல்லா வந்துச்சு?" என்று அம்மா அழுதார். அப்பா திட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு, தானே பார்க்கப் போனார். மாடிக் கதவருகில் வந்ததும் செருப்பைக் கழற்றினார். உள்ளே பச்சைத் துணி விரித்த மேசைகள், ஒவ்வொன்றின் மேலும் தாழத் தொங்கும் விளக்கு, யாரும் உரக்கப் பேசாத ஒரு கூடம். அங்கே செருப்போடு நடப்பது தப்பு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அண்ணன் மேசைமேல் குனிந்திருந்தார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார், வெறும் காலையும் பார்த்தார். பிறகு மூலையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து வந்து மேசை அருகே போட்டார். அப்பா இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "சண்டை போடற எடம் மாதிரி தெரியல லா. பக்கத்துல நிக்கிறவன் மூச்சு விடறதுகூடக் கேக்குது. கோயில்லகூட இவ்ளோ அமைதி இல்ல," என்றார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்து முடிந்ததும் அண்ணன் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். ஷிஃப்ட் வேலை. ஷிஃப்ட் இல்லாத நேரமெல்லாம் ஜாசின் மாடிதான். கடை முதலாளியான தவுக்கே, காலையில் ஆள் வருவதற்கு முன் கடைசி மேசையை அவருக்கு விட்டுக் கொடுத்தார். ஒரே ஒரு பந்தை வைத்து, ஒரே அடியை நூறு தரம் அடிப்பார். அடித்த ஒவ்வொரு முறையும் கோல் நேராகப் போனதா என்று மட்டும் பார்ப்பார். பந்து குழியில் விழுந்ததா என்று பார்க்கமாட்டார். இருபத்தொரு வயதில் மாநில வெற்றியாளர். இரண்டு ஆண்டில் தேசிய அணி. தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை இடித்தபோது நாங்கள் குருபோங்கில் ஒரு சின்னத் தரை வீட்டுக்கு வந்தோம். அப்பா அங்கேயே ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு, ஜாகா வேலைக்குப் போனார். காவல் கொட்டகையில் அண்ணனின் படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். உள்ளே வரும் லாரிக்காரர்களிடம், "மவன்," என்று மட்டும் சொல்வாராம்.

அப்பாவுக்கு ஆட்டம் முழுதாகப் புரிந்ததே இல்லை. சிவப்புக்கு ஒன்று, கறுப்புக்கு ஏழு என்று விரல் விட்டு எண்ணுவார். நடுவில் குழம்பிவிடும். ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அண்ணன் எங்கிருந்தாலும் அப்பாவை ஃபோனில் கூப்பிடுவார். அப்பா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "நிதானம்பா." அவ்வளவே. ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

தாய்லாந்தில் நடந்த தகுதிச் சுற்றில் ஜெயித்து, தொழில்முறை ஆட்டக்காரராக அண்ணன் இங்கிலாந்து போனபோது அவருக்கு இருபத்தேழு வயது. நான் அப்போதுதான் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வட இங்கிலாந்தில் ஒரு சலவைக் கடையின் மேல் மாடியில், இன்னும் இரண்டு ஆட்டக்காரர்களோடு ஓர் அறை. குளிர் விரலுக்குள் புகுந்துவிடுகிறது என்பார். ஆட்டத்துக்கு முன் வெந்நீரில் கையை முக்கி வைத்துக்கொள்வாராம். தொலைக்காட்சியில் காட்டுகிற பெரிய அரங்கமெல்லாம் கடைசிக் கட்டத்துக்குப் போகிறவர்களுக்குத்தான். அண்ணன் ஆடியது தட்டி வைத்துப் பிரித்த அறைகளில். பார்க்க நான்கு பேர் இருப்பார்கள், அதில் ஒருவர் தூங்குவார். முதல் ஆண்டில் தோற்றது அதிகம். "ஊர்ல நான் ஒருத்தன், பாப்பா. இங்க நூத்துல ஒருத்தன்," என்று ஒரு தடவை சொன்னார். குரலில் வருத்தம் இல்லை, வியப்பு இருந்தது. இரண்டாம் ஆண்டு மெல்ல மெல்ல மேலே வந்தார். ஆண்டு இறுதியில் ஓர் ஆட்டம் மிஞ்சியிருந்தது. ஜெயித்தால் தொழில்முறை ஆட்டக்காரர் பட்டியலில் இடம் நிலைக்கும். தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டும். அது ஒரு புதன்கிழமை, அங்கே காலை பத்து மணிக்கு, நமக்கு மாலை ஐந்துக்கு.

செவ்வாய்க்கிழமை காலை அப்பா வேலை முடிந்து வந்து, குளியலறைக் கதவைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். எட்டு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் அப்போது விடியவில்லை. உடனே எழுப்பிச் சொல்லியிருந்தால், கிடைத்த விமானத்தைப் பிடித்து மறுநாள் வந்து சேர்ந்திருப்பார். சித்தப்பா அதைத்தான் சொன்னார். "தலைப்பிள்ளை இல்லாம எப்படிம்மா? அவன் வரட்டும். ஒரு நாள் கூட வெச்சிருந்தா என்ன ஆயிரப் போவுது."

நான்தான் வேண்டாம் என்றேன். "ஆடி முடிக்கட்டும், சித்தப்பா. நாளைக்கு ஒரு நாள்தான். இத்தனை வருசம் இதுக்குத்தான பாடுபட்டாங்க." அம்மா எதுவும் சொல்லும் நிலையில் இல்லை. ஒரே ஒரு முறை, "அண்ணனுக்குச் சொன்னியா?" என்று கேட்டார். "நான் பாத்துக்கறேம்மா," என்றேன். அண்ணனுக்காகவே அப்படிச் செய்தேன் என்று பல காலம் சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவல்ல. என் அலுவலகத்தில், எங்கள் வரிசை வீடுகளில், அந்த ஆட்டக்காரரின் தங்கை என்றுதான் என்னைத் தெரியும். அவர் ஒன்றும் இல்லாமல் திரும்பி வருவதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வெற்றி எனக்கும் வேண்டியிருந்தது.

புதன்கிழமை மூன்று மணிக்கு அப்பாவைத் தூக்கினார்கள். வாசலில் உறுமி மேளக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தபோது என் ஃபோன் ஒலித்தது. ஆட்டத்துக்கு முன் எப்போதும் கூப்பிடுகிற நேரம். அப்பாவின் ஃபோன் அணைந்து கிடந்ததால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எடுக்காமல் விட்டால் சந்தேகப்படுவார் என்று பயந்து, பின்பக்கம் ஓடி, அண்டை வீட்டுச் சமையலறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன்.

"பசியாறிட்டியா, பாப்பா?" என்றார். அவருக்கு அது காலை நேரம். பிறகு, "என்ன அங்க சத்தம்?" என்றார்.

"முனியாண்டி கோயில்ல திருவிழாணே."

"இப்பவா?"

"ஆமாணே. இந்த வருசம் முன்னாடியே வெச்சிட்டாங்க."

"அப்பாகிட்ட குடு."

"அப்பா கோயிலுக்குப் போயிட்டாருணே."

 மேளம் தெருமுனை நோக்கி நகர்வது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். "சரி. வந்தா சொல்லு, இன்னிக்கு ஆட்டம்னு," என்றார். "நிதானமா ஆடுங்கணே," என்றேன். அப்பாவின் சொல்லை என் வாயால் சொன்னபோது, நான் எதையோ திருடுகிறேன் என்று உடம்பு கூசியது. அண்டை வீட்டுக் கழுவு தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டு ஊர்வலத்தின் பின்னால் ஓடினேன். அண்ணன் இல்லாததால் சித்தப்பா கொள்ளி வைத்தார்.

வீடு கழுவி, குளித்து, எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியில் ஆட்டத்தின் புள்ளிகளைப் பார்த்தேன். அண்ணன் ஜெயித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஓர் அடிகூடத் தவறாமல், ஒரே மூச்சில் நூற்று முப்பத்தேழு புள்ளி. அவர் வாழ்நாளிலேயே அதிகம். அந்த ஆட்டத்தின் பதிவைப் பின்னால் பலமுறை பார்த்திருக்கிறேன். கறுப்புக் கை இல்லாச் சட்டையும் கழுத்தில் போ டையுமாக, ஒவ்வொரு அடிக்கும் இடையில் அவசரமே இல்லாமல் மேசையைச் சுற்றி வருகிறார். கடைசிப் பந்து விழுந்ததும் கோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறார். அப்பா சாம்பலாகி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

உடனே கூப்பிட்டார். "பாப்பா, ஜெயிச்சிட்டேன். அப்பா வந்துட்டாரா? குடு." நான் ஃபோனைச் சித்தப்பா பக்கம் நீட்டினேன். சித்தப்பா என் கையிலிருந்து ஃபோனை வாங்கிச் சொன்னார். அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டாராம்: "எப்ப?" சித்தப்பா, "நேத்து காலையில," என்றார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஃபோனும் துண்டிக்கப்படவில்லை. சித்தப்பா வெகுநேரம் அதைக் காதில் வைத்துக்கொண்டே நின்றார்.

அண்ணன் வந்து சேர்ந்தபோது அஸ்தியையும் கடலில் கரைத்தாகிவிட்டது. மாலை போட்ட படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். நிமிர்ந்து பார்க்காமல், "அன்னிக்கு ஃபோன்ல கேட்டது அப்பாவுக்கு அடிச்ச உறுமிதான?" என்றார். "ஆமாணே." தலையை ஆட்டினார். "நல்லாத்தான் அடிச்சாங்க," என்றார். என்னைத் திட்டியிருந்தால், அறைந்திருந்தால், அன்றே அழுது காலில் விழுந்திருப்பேன். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

கருமாதி முடிந்ததும் திரும்பப் போனார். ஜெயித்து வாங்கிய இடம் அல்லவா, போகத்தான் வேண்டும் என்று எல்லோரும் சொன்னோம். அந்தப் பருவத்தின் இரண்டாவது ஆட்டத்தை நான் இங்கே கணினியில் பார்த்தேன். எளிதான சிவப்புப் பந்து. குனிந்தார். கோல் முன்னும் பின்னும் போய்வந்தது, வழக்கமாக மூன்று தரம், பிறகு அடி. அன்று ஐந்து, எட்டு, பத்து என்று போய்வந்துகொண்டே இருந்தது. கோல் பின்னால் வந்து நின்றது, முன்னால் போக மறுத்தது. நிமிர்ந்து, நுனியில் நீலச் சுண்ணம் தேய்த்து, மறுபடி குனிந்தார். மறுபடியும் அதேதான். நடுவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார். கடைசியில் ஒரு வெட்டு வெட்டியது போல் கை துள்ளியது. பந்து எங்கோ போனது. எதிராளி தலையைக் குனித்துக்கொண்டார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கணினியை மூடிவிட்டேன்.

அந்த ஆண்டு முழுவதும் அப்படியே போனது. மருத்துவர்கள் பார்த்தார்கள். நரம்பில் குறை இல்லை, எலும்பில் குறை இல்லை. பட்டியலில் கடைசிக்கு வந்து, பெயர் விழுந்து, முப்பது வயதில் ஊர் திரும்பினார். கண் பட்டுவிட்டது என்றார்கள். அம்மா மந்திரித்த கயிறு கட்டினார், அண்ணன் கையை நீட்டிக் காட்டி வாங்கிக்கொண்டார். ஜாசின் தவுக்கே அந்தக் கடைசி மேசையைத் திறந்தே வைத்திருந்தார். சில மாதம் போய்ப் பார்த்தார். ஒருநாள் போவதை நிறுத்திக்கொண்டு, செங்கில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

என் அலுவலகமும் செங் பக்கம்தான். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை அவருடைய மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தேன். ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் ஒதுங்கினோம். எங்களோடு பத்திருபது மோட்டார்க்காரர்கள். லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. எத்தனையோ நாள் அடக்கிவைத்ததை அப்போது கேட்டேன். "என்னாலதானணே?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார். "கை நல்லாத்தான் இருக்கு, பாப்பா. குனியற வரைக்கும் ஒண்ணுமில்ல. குனிஞ்சதும் எல்லாரும் பேச்ச நிறுத்துறாங்க பாரு, அப்பத்தான். எல்லாருக்கும் ஏதோ தெரியும், எனக்கு மட்டும் சொல்லாம இருக்காங்கன்னு தோணுது. அந்த அமைதி எனக்கு ஆவல. நிமிர்ந்து யாரையாச்சும் கேக்கணும் போல இருக்கு."

நான் அழுதேன். மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

"தெரியல. வந்திருப்பேன். இல்ல, ஆடிட்டே வந்திருப்பேனோ என்னமோ. அத நான்தான பாப்பா முடிவு பண்ணியிருக்கணும்?"

அவ்வளவுதான் அவர் என்னைக் குறை சொன்னது, வாழ்நாள் முழுவதற்கும். மழை விட்டதும், துடைக்க ஒரு துணியை எடுத்து முதலில் என் இருக்கையைத் துடைத்தார். வழியில் நிறுத்தி எனக்கு ரொட்டி சானாய் வாங்கித் தந்தார்.

பல ஆண்டுகள் கழித்து, ஒரு காலை வேளையில் என் அலுவலகத்துக்கே கூப்பிட்டார். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை. "பாப்பா, டாக்டர் ரூம்ல இருந்து இப்பத்தான் வெளிய வரேன். நுரையீரல்ல புத்துநோயாம். பரவிடுச்சாம். ஒனக்கு ஒடனே சொல்லணும்னு தோணுச்சு. வாசல்லயே நின்னு பேசறேன்." எதையும் குறைக்காமல், மருத்துவர் சொன்ன மாதக் கணக்கு உட்பட எல்லாவற்றையும் சொன்னார். பிறகு, "என்கிட்டயும் எதையும் மறைக்காத. கேட்டா சொல்லிடு," என்றார். சொல்கிறேன் என்றேன். எட்டு மாதம் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். ஒவ்வொரு சோதனை முடிவையும் நானே வாசித்துச் சொன்னேன். சில நாள் அவர் முகத்தைப் பார்த்துப் படிக்க முடியாமல் தாளைப் பார்த்தே படித்தேன். அவர் கேட்டுக்கொண்டு, "சரி, நல்லது," என்பார். மோசமான செய்திக்கும் அதையேதான் சொல்வார்.

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மலாக்கா மருத்துவமனையில், நான் பக்கத்தில் இருக்கும்போதே அண்ணனின் மூச்சு நின்றது. சித்தப்பாவைக் கூப்பிட்டேன். இப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. அழுதார். அழுதுகொண்டே சொன்னார்: "அம்மாகிட்ட இப்ப சொல்லாதம்மா. இதய ஆபரேஷன் பண்ண ஒடம்பு. வீட்டுக்குக் கொண்டு வந்தப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்." என் கணவரும் அதையே சொன்னார். வார்டில் இருந்த தாதிகூட அதுதான் நல்லது என்றார். எல்லோரும் அம்மாமேல் உள்ள அன்பில்தான் சொன்னார்கள். அந்த அன்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

உடலை எடுக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று தாதியிடம் கேட்டுக்கொண்டு, நேராகக் குருபோங்குக்குக் காரை ஓட்டினேன். அம்மா சமையலறை மேசையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் தனியாக, அந்த நேரத்தில் வந்து நிற்பதைப் பார்த்ததும் விரல்கள் நின்றன. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அம்மா, அண்ணன் போயிட்டாரும்மா."

அம்மா என்னையே பார்த்தார். கத்துவார், சரிந்துவிடுவார் என்று நான் மேசையைச் சுற்றிப் பாதி எழுந்திருந்தேன். அம்மா அப்படியே இருந்தார்.

"எப்ப?"

"இப்பத்தாம்மா. அரை மணி நேரம் இருக்கும். நேரா இங்கதான் வரேன்."

அம்மா எழுந்து கையைக் கழுவினார். சோப்புப் போட்டு, இரண்டு முறை கழுவினார். "அப்ப என்னைக் கூட்டிட்டுப் போ," என்றார். "ஒடம்பு சூடு ஆறதுக்குள்ள பாத்துரணும்."

 வழியில் சிவப்பு விளக்குகளில் கார் நிற்கும்போதெல்லாம் அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். வார்டில் திரை இழுத்திருந்தார்கள். அம்மா அதை விலக்கிக்கொண்டு உள்ளே போய், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணனின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, மெல்லச் சொன்னார்.

"இன்னும் சூடு இருக்கு."